ஆச்சியின் கொழும்பு நீல மோதிரம்

வீரவநல்லூரில் ஆச்சியின் வீட்டைக் காலி செய்தபோது, வெற்றிலைச் செல்லத்தின் அடித்தட்டில் ரோஸ் கலர் நகைக்கடைக் காகிதத்தில் சுற்றி அந்த மோதிரம் இருந்தது. நடுவில் ஒரு நீலக் கல். அதன் இரண்டு பக்கமும் மிளகைவிடச் சிறிய வெள்ளைக் கல் ஒவ்வொன்று. அம்மா அதைக் கையில் வாங்கவே யோசித்தாள். "கொழும்பு நீலம்ட்டி அது. எல்லாருக்கும் ஒத்துக்கிடாது."

ஆச்சியின் அப்பாவுக்குக் கொழும்பில் பேட்டா பக்கம் கடை. தூத்துக்குடியில் கப்பல் ஏறிப் போய்விட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவாராம். மகள் கல்யாணத்துக்கு அங்கிருந்து கொண்டு வந்ததுதான் இந்த மோதிரம். நீலம் என்பதால் ஆச்சி போடுவதற்கு முன் மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் விடிகாலையில் தொழுவத்தில் கன்றுக்குட்டி செத்துக் கிடந்தது. அதோடு மோதிரம் செல்லத்துக்குள் போய்விட்டது. இடையில் ஒரே ஒரு முறை, 1981-ல் அத்தையின் கல்யாணத்துக்கு வெளியே வந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். யார் செய்தது, எப்போது செய்தது, கல் என்ன கல். இதைத் தேடப் போய் நான் செய்த தப்புகளும் சேர்த்தே சொல்கிறேன். பழைய மோதிரம் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

முதல் தப்பு, நேராக ஒரு நகைக்கடைக்குப் போனது. டவுன் ரத வீதிப் பக்கம் ஒரு கடை. தங்கம் எத்தனை சதவீதம் என்று காட்டும் காரட் மீட்டரில் மோதிரத்தை வைத்தார்கள். திரையில் 62.4 என்று வந்தது. கடைக்காரர் உடனே, "இது பதினாலு காரட்க்கா, மொரார்ஜி காலத்துத் தங்கம். கல் எடையைக் கழிச்சுட்டுப் புதுசு எடுத்துக்கோங்க" என்றார். கல்லைக் கழற்றி எடை பார்க்க இடுக்கியைக் கூட எடுத்துவிட்டார். நான் மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அதை ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஆச்சியின் காகிதத்தை அவர் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து யோசித்தேன். மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்தபோது, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று தடை. சீனப் போர் முடிந்த கையோடு வந்த விதி. நம் பக்கத்து ஆசாரிமார் குடும்பங்கள் அந்த வருஷங்களில் பட்ட பாட்டை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். 1966-ல் அந்த 14 காரட் வரம்பை எடுத்தார்கள். ஆகவே 14 காரட் மோதிரம் என்றால் அந்தக் காலத்தது என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. சுத்தத் தங்கம் 24 காரட். 14-ஐ 24-ஆல் வகுத்தால் 58.3 சதவீதம் வரும். 62.4 வராது. 15-ஐ 24-ஆல் வகுத்தால்தான் 62.5. பதினைந்து காரட் என்று ஒரு தங்கம் நம் ஊரில் நான் கேள்விப்பட்டதே இல்லை. கடைக்காரரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதனால்தான் பக்கத்தில் இருந்த தெரிந்த எண்ணோடு சேர்த்துவிட்டார்.

அடுத்து பாளையங்கோட்டையில் ஒரு வயதான ஆசாரியிடம் போனேன். எழுபது தாண்டியவர். உரைகல்லையும் எடுக்கவில்லை, தராசையும் எடுக்கவில்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மோதிரத்தைக் கவிழ்த்து, கல்லின் அடிப்பக்கத்தையும் வளையத்தின் உள்பக்கத்தையும் கால் மணி நேரம் பார்த்தார். முகப்பைப் பார்க்கவே இல்லை.

"இதைக் கழுவுனியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"நல்லது. பாலிஷும் போட்டுராதிய. உள்ள எழுத்து இருக்கு. பாலிஷ் போட்டா அது போயிரும்."

பழைய மோதிரம் கைக்கு வந்தால் முதலில் செய்யக் கூடாதது இதுதான். பளபளப்பாக்குவது, அளவு மாற்றுவது, கல்லைக் கழற்றுவது மூன்றும் வேண்டாம். வளையத்தின் உள்பக்க முத்திரை ஒரு மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். பாலிஷ் போடப் போட அது தேய்ந்து போகும்.

அவரே இன்னொன்றையும் காட்டினார். வளையத்தின் அடியில் நெல் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் நிறம் வேறு. மற்ற இடம் லேசாகச் செம்பு ஓடிய மஞ்சள், இந்தத் துண்டு நல்ல மஞ்சள். "இது நம்ம ஊரு ஆசாரி வச்ச ஒட்டு. விரலுக்குப் பத்தாம வெட்டி, நடுவுல இருபத்திரண்டு காரட் வச்சுப் பத்தியிருக்கான்" என்றார். அத்தையிடம் போனில் கேட்டேன். ஆமாம், 1981-ல் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரிதாக்கியதாகச் சொன்னாள். பிறகு வேறொரு இடத்தில் காரட் மீட்டரில் அந்த ஒட்டின் மேல் வைத்துப் பார்த்தபோது 91 வந்தது. அந்த எந்திரம் மேல்பரப்பை, அதுவும் வைக்கிற இடத்தை மட்டும்தான் படிக்கும். கனமாக முலாம் பூசியிருந்தால் முலாமைப் படிக்கும். பழைய நகையை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து முடிவு சொல்கிறவரிடம், இன்னும் இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எழுத்தைப் படிப்பதற்கு ஆசாரி சொல்லித் தந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. முகத்துக்குப் போடும் பவுடரை விரல் நுனியில் எடுத்து முத்திரையின் மேல் மெல்லத் தடவி, மேலே இருப்பதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். ஓலைச்சுவடியில் எழுத்து தெரிய மை தடவுவார்களே, அதே வேலை. திருநீற்றைத் தடவ வேண்டாம் என்றார், அதில் சில நேரம் பொடி மணல் இருந்து கீறிவிடும். அப்புறம் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை போன் கேமரா முன்னால் வைத்துப் படம் எடுத்தேன். இருபது முப்பது படம் எடுத்தபின் ஒன்று தெளிவாக விழுந்தது.

அதில் இருந்தவை வரிசையாக இவை. ஒரு கட்டத்துக்குள் ஆங்கில எழுத்து எச், அதற்கு அடுத்து ஒட்டு வந்து மறைத்துவிட்ட ஒரு பாதி. பிறகு 15 என்ற எண், .625 என்ற எண், ஒரு நங்கூரம், கடைசியில் ஒரு பெரிய எழுத்து டி.

நங்கூரத்தைப் பார்த்ததும் மாமா, "கப்பல்ல வாங்குனது. கப்பல் கம்பெனி முத்திரை" என்று சொல்லிவிட்டார். கொழும்புக் கதையோடு பொருந்தியதால் வீட்டில் எல்லாரும் இரண்டு வாரம் அதையே நம்பினோம். உண்மையில் அது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில், தங்கத்தின் தரம் பார்த்து முத்திரை இடும் பரிசோதனை அலுவலகத்தின் அடையாளம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம். 1773-ல் அந்த அலுவலகம் தொடங்கியதிலிருந்து அதுதான் அதன் சின்னம். லண்டன் என்றால் சிறுத்தைத் தலை இருக்கும். செஸ்டர் என்றால் ஒரு வாளும் மூன்று கதிர்க்கட்டும். இங்கிலாந்து நகையில் இந்தச் சின்னம், நகையை எங்கே சோதித்தார்கள் என்பதைச் சொல்லும். செய்த ஊர் வேறாகவும் இருக்கலாம்.

15 என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்தது. இங்கிலாந்தில் 1854 முதல் 15, 12, 9 காரட் தங்கத்துக்கும் முத்திரை இட்டார்கள். 1932-ல் 15-ஐயும் 12-ஐயும் நிறுத்திவிட்டு 14 காரட்டைக் கொண்டு வந்தார்கள். ஆகவே 15, .625 என்று முத்திரை உள்ள மோதிரம் 1932-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. கடைசி எழுத்துதான் வருஷம். பர்மிங்ஹாமில் ஆண்டுக்கு ஒரு எழுத்து மாறும். 1925-ல் பெரிய எழுத்து ஏ-யில் புது வரிசை தொடங்கியது. அப்படியானால் டி என்பது 1928. அந்த அலுவலகத்தில் எழுத்து அப்போதெல்லாம் ஆண்டின் நடுவில் மாறியதால் 1928-29 என்று கொள்ள வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. எழுத்துகள் சுற்றிச் சுற்றி வரும். வேறு வரிசையிலும் டி உண்டு, வேறு நகரத்திலும் டி உண்டு. எழுத்தின் வடிவம், அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவம், நகரச் சின்னம் எல்லாம் ஒத்துப்போனால்தான் வருஷம் சொல்ல வேண்டும். எனக்கு 15 என்ற எண் காவலாக இருந்தது. அடுத்த வரிசையின் டி 1953-ல் வரும், அப்போது 15 காரட்டே கிடையாது.

செய்தவர் பெயர்தான் கிடைக்கவில்லை. முதல் முத்திரை செய்தவருடையதோ, சோதனைக்கு அனுப்பியவருடையதோ. இரண்டு மூன்று முதலெழுத்துகள் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். ஒரே முதலெழுத்துகளைப் பல பேர் பதிவு செய்திருப்பார்கள் என்பதால் கட்டத்தின் வடிவமும் முக்கியம். எங்கள் மோதிரத்தில் இரண்டாவது எழுத்தையும் கட்டத்தின் வலப்பக்கத்தையும் 1981 ஒட்டு விழுங்கிவிட்டது. எச்-சில் தொடங்கும் பட்டறைகள் பர்மிங்ஹாமில் எத்தனையோ. அளவு மாற்றத்தான் வேண்டும் என்றால், முத்திரை எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டி, அதற்கு எதிர்ப்பக்கம் வெட்டச் சொல்லுங்கள். அத்தைக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. நினைத்தால் எனக்கு இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

பெட்டியில் கடைப் பெயர் இருந்தாலும் அது விற்றவர் பெயர், செய்தவர் பெயர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சென்னை மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கடைகள் கூட, தாமே செய்ததோடு சீமையிலிருந்து வரவழைத்ததையும் விற்றவைதான். கொழும்பிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். செட்டியார் தெருவில் நம் ஊர் ஆசாரிமார் செய்த நகையும் கிடைக்கும், கோட்டைப் பக்கத்துக் கடைகளில் சீமை நகையும் கிடைக்கும்.

காகிதங்களைத் தேடச் சொன்னதும் ஆசாரிதான். ஆச்சியின் சீர் நோட்டு ஒன்று பரணில் கிடைத்தது. "பிரமாதி வருஷம் ஆவணி மாசம்" என்று தலைப்பிட்டு, பாம்படம், சங்கிலி, குத்துவிளக்கு என்று போகும் பட்டியலில், "கொழும்பு நீல மோதிரம் 1" என்று ஒரு வரி. பிரமாதி என்றால் 1939. யுத்தம் தொடங்கின அந்த ஆவணி. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் வேறு ஒரு சாட்சி வேண்டும். ஆச்சியின் வயது அதைத் தீர்த்தது. ஆக மோதிரம் பிறந்தது 1928-29-ல், எங்கள் வீட்டுக்கு வந்தது 1939-ல். அடகுச் சீட்டு, மொய் நோட்டு, பழைய கல்யாண போட்டோவில் விரல், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, எல்லார் வீட்டிலும் சீமை மோதிரம் இருக்காது. நம் பக்கத்துப் பழைய மோதிரங்களில் பெரும்பாலானவற்றில் முத்திரையே கிடையாது. ஆசாரியை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, பவுன் காசை உருக்கிக் கண் முன்னால் செய்த நகைக்கு முத்திரை எதற்கு? பின்னால் வந்த கடை நகையில் கடையின் முதலெழுத்துகளும் 22 என்ற எண்ணும் இருக்கும். கேடிஎம் என்று இருந்தால் காட்மியம் கலந்த பற்றுவைப்பு பரவிய காலத்தது. பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோணச் சின்னமும், 22 காரட்டைக் குறிக்கும் 916-ம் இருந்தால் 2000-க்குப் பிறகு. அந்த முதல் வருஷங்களில் ஏ என்றால் 2000, பி என்றால் 2001 என்று நம் ஊர் முத்திரையிலும் வருஷ எழுத்து இருந்தது. 2021 ஜூலையிலிருந்து ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீடு வந்துவிட்டது. அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வரும்.

இனி கல்.

நீலக் கல்லின் அடிப்பக்கம் திறந்திருந்தது. இதை முதலில் பார்த்தாக வேண்டும். நம் பழைய கெம்புக்கல் நகைகளில் பின்பக்கத்தைத் தங்கத்தால் மூடி, கல்லுக்கு அடியில் பளபளப்பான தகடும் அரக்கும் வைத்திருப்பார்கள். கல்லின் நிறத்தில் பாதி அந்தத் தகடு தருவது. அப்படிப்பட்டதைத் தண்ணீரில் போட்டால் ஈரம் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிடும், பிறகு கல் உயிரிழந்தது போல ஆகிவிடும். மூடிய கட்டு என்றால் ஈரத் துணி கூடப் படக் கூடாது.

எங்களுடையது திறந்த கட்டு. பக்கவாட்டில் லென்ஸ் வைத்து, இரண்டு பொருளை ஒட்டிய கோடு தெரிகிறதா என்று ஆசாரி பார்த்தார். மேலே மெல்லிய கல், கீழே கண்ணாடி என்று ஒட்டிய கற்கள் அந்தக் காலத்தில் நிறைய வந்தன. ஒட்டு இல்லை. அதன் பிறகு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மோதிரத்தைக் கல் கீழே பார்க்கும்படி இறக்கி, டம்ளருக்கு அடியில் வெள்ளைத் தாளும் அதற்குக் கீழே டார்ச்சும் வைத்தோம். தண்ணீருக்குள் கல்லின் மினுக்கம் அடங்கி உள்ளே இருப்பது தெரியும். மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தபோது, ஒரு கோணத்தில் நீலம் கோடு கோடாகப் பிரிந்தது. கோடுகள் வளைந்திருந்தன, பழைய கிராமபோன் தட்டில் இருக்கும் வரிகளைப் போல.

ஆசாரி லென்ஸைக் கழற்றிவிட்டார். "இது மண்ணுல விளைஞ்சது இல்லம்மா" என்றார். எனக்குச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது.

பூமிக்குள் வளரும் நீலத்தில் நிறப் பட்டைகள் நேர்க்கோடாக ஓடி, கோணமாகத் திரும்பும். ஏனென்றால் படிகம் தட்டையான முகங்களாக வளர்கிறது. இலங்கையின் இரத்தினபுரிக் கல்லாக இருந்தால் கூடவே பட்டு இழை மாதிரி நுண்ணிய ஊசிகளோ, விரல் ரேகை போன்ற படலமோ தெரியும். வெர்னே என்ற பிரெஞ்சுக்காரர் 1902-ல் வெளியிட்ட முறையில், அலுமினியம் ஆக்சைடு பொடியைத் தீச்சுடர் வழியாகச் சொட்டச் சொட்ட உருக்கி, கீழே ஒரு உருளையாக வளர்ப்பார்கள். மேலே உருகிய பரப்பு குமிழ் மாதிரி வளைந்திருப்பதால், படியும் ஒவ்வொரு அடுக்கும் வளைந்தே படியும். முதலில் மாணிக்கம், 1910-ஐ ஒட்டி நீலமும். சேர்மானமும் கடினமும் அசல் நீலத்துடையதுதான். அதனால் கீறிப் பார்ப்பது, எடை பார்ப்பது, ஒளி விலகல் எண் பார்ப்பது எதிலும் வித்தியாசம் தெரியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும். வளைவு தெரிந்தால் செய்த கல். தெரியவில்லை என்பதற்காக அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு ஆய்வகம்தான். நாங்களும் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். செயற்கை நீலம், சுடரில் உருக்கி வளர்த்தது என்றே சான்று வந்தது.

அம்மாவுக்கு முதலில் வருத்தம். ஆச்சியின் அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1920-களில் அந்தக் கல் புதுசு. சீமையில் தங்க மோதிரங்களில் அதைத் தாராளமாகவே பதித்தார்கள். கல்லைச் சுற்றிய கால்கள் ஒன்று கூட நிமிர்த்தி மடக்கிய தடம் இல்லாமல் இருப்பதை ஆசாரி காட்டினார். ஆக மோதிரம் பிறந்த நாளிலிருந்து இந்தக் கல்தான் அதில் இருக்கிறது. முத்திரையே இல்லாமல் போயிருந்தாலும், இந்த மோதிரம் 1910-க்கு முந்தியது இல்லை என்று இந்தக் கல்லே சொல்லியிருக்கும்.

யாரும் கவனிக்காத வெள்ளைக் கற்கள்தான் பாக்கி. ஆசாரி இரண்டின் மேலும் ஊதினார். இடப்பக்கத்தில் படிந்த ஆவி உடனே மறைந்தது, வலப்பக்கத்தில் கொஞ்சம் நின்றது. வைரம் சூட்டை வேகமாகக் கடத்துவதால் ஆவி நிற்காது. வைரம் பார்க்கும் பேனாவும் இடப்பக்கத்துக்கு மட்டும்தான் ஓசை கொடுத்தது. லென்ஸில் அந்த இடப்பக்கக் கல்லின் நடுவே ஒரு சிறிய வட்டம் தெரிந்தது. அடி நுனியைக் கூராக விடாமல் லேசாகச் சீவி விடுவது பழைய வெட்டு. மேல்முகம் சிறிது, தோள் உயரம். அதுவும் அந்தக் காலத்து வெட்டுதான். வலப்பக்கக் கல்லில் அந்த வட்டம் இல்லை. அதைப் பிடித்த கால்களில் மட்டும் இடுக்கித் தடம். நம் கடைகளில் அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்வதுதான் அது. அந்தக் கல் 1976 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது. மறுபடி அத்தைக்குப் போன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கல்யாணப் பந்தலிலேயே ஒரு கல் விழுந்துவிட்டது, ஆச்சிக்குத் தெரியாமல் வேறு கல் வைத்துக் கொடுத்தேன் என்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் மனசில் வைத்திருந்திருக்கிறாள். அழுதாள். நானும்.

ஒன்றை மட்டும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நீலம் ஆகாது என்ற பயத்தில் ஆச்சி இதைப் போடாமல் வைத்ததால்தான் முத்திரை தேயாமல் இருந்தது. தினமும் விரலில் கிடந்து, பாத்திரம் தேய்த்து, மாவு பிசைந்திருந்தால் டி-யும் இல்லை, நங்கூரமும் இல்லை.

வலப்பக்கக் கல்லை மாற்றித் தரட்டுமா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றேன். அது அத்தையின் கல். மோதிரத்தின் எடை, படங்கள், சான்று, சீர் நோட்டின் அந்தப் பக்கம், அத்தை சொன்னது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, புது ரோஸ் காகிதத்தோடு செல்லத்துக்குள் வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை அம்மா அதை வெளியே எடுத்து, "செஞ்ச கல்லுன்னா சனீஸ்வரன் ஒண்ணும் பண்ண மாட்டார்லாட்டி?" என்று கேட்டாள். பிறகு தானே விரலில் போட்டுக்கொண்டு நெல்லையப்பர் கோயிலுக்குக் கிளம்பினாள். ஒட்டு வைத்துப் பெரிதாக்கிய அளவு அவளுக்குச் சரியாக இருந்தது.